ராகு காலம் முடிந்து ஒரு நிமிடம்

அத்தியாயம் 9

ஜாசின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஹஃப்சாவின் போட்டோஸ்டாட் கடையில்தான் குற்றவாளி இருக்கிறாள் என்று தங்கராஜு முடிவு கட்டியபோது புதன்கிழமை காலை மணி பத்து. அந்த வாரத்தில் அவன் கட்டிய நான்காவது முடிவு அது. முதல் மூன்றையும் பெரியநாயகி முடிவுக்கொரு தலையசைப்பில் முடித்து வைத்திருந்தாள்.

"நீங்களே யோசிச்சுப் பாருங்கக்கா. மொத்தம் ஆறு கவுண்டரு. அஞ்சுல நாள் பூரா ஆளுங்க வந்து தட்டறாங்க. இந்தப் பொண்ணு கவுண்டர்ல மட்டும் சாயங்காலம் ஆறரைக்கு மேலதான் தட்டியிருக்கு. தினமும். அப்படி ஒளிஞ்சு மறைஞ்சு என்னா வேலை?"

"அதக் கேக்கத்தான வந்திருக்கோம்" என்றாள் பெரியநாயகி. "நீ கேக்காத. நான் கேக்கறேன்."

பெரியநாயகிக்கு வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் துப்பறிவதற்குத் தனியாகப் படிக்க எதுவும் இல்லை என்று தெரிந்து வேலையை விட்டவள். தங்கராஜு பஸ் கண்டக்டராக இருந்தவன். பயணிகளைச் சிரிக்க வைக்கிறேன் என்று இரண்டு ஸ்டாப் தாண்டி இறக்கிவிட்டதால் வேலை போனது. வாய் மட்டும் கூடவே வந்துவிட்டது.

வழக்கு இதுதான். புக்கிட் பெருவாங்கில் 'மங்கல வாசல்' என்று ஒரு கல்யாண சேவை நிறுவனம். ஆறு ஊர்க் கடைகளில் கடைக்கொரு கம்ப்யூட்டர். பையன் நட்சத்திரம், பெண் நட்சத்திரம் கொடுத்துப் பட்டனைத் தட்டினால் டெலிபோன் கம்பி வழியாகப் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய், பத்துப் பொருத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று ஒரு பக்கம் அச்சாகி வரும். 1999-ஆம் ஆண்டில், ஐயர் சொல்வதைவிடக் கம்ப்யூட்டர் சொல்வது சரியாக இருக்கும் என்று மலாக்காத் தமிழர்களில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் இரண்டையும் பார்த்துவிட்டு, எது நல்லதாக வருகிறதோ அதை நம்பினார்கள்.

போன வெள்ளிக்கிழமை தம்புசாமி என்ற ஓய்வுபெற்ற லோரி டிரைவர், டவுன் கவுண்டரில் தன் மகள் பவானேஸ்வரிக்கும் மாப்பிள்ளை புவனேந்திரனுக்கும் பொருத்தம் பார்த்தார். வந்தது இரண்டு. ஐயர் கையால் கணக்குப் போட்டபோது ஒன்பது வந்த ஜோடி அது. மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டரை நம்பிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். பழி, பொருத்தம் பார்க்கும் புரோகிராம் பக்கத்தை எழுதிய நிறுவனத்துப் பெண் தாரணி மேல் விழுந்தது. காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதே புவனேந்திரன் வீட்டார் தாரணியைப் பெண் பார்க்கப் போய், பதில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். பொறாமையில் இந்தப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு போட்டுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. இன்று மூன்று மணிக்குத் தம்புசாமி போலீசில் ரிப்போர்ட் கொடுக்கப் போகிறார். கொடுத்தால் தாரணிக்கு வேலை போகும், பெயரும் போகும். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

கடைக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹஃப்சா தலையில் துடோங் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை நாலு காப்பி எடுத்துக் கொடுத்தாள்.

"உன் கவுண்டர்ல மட்டும் ஏம்மா சாயங்காலம்?" என்றாள் பெரியநாயகி.

"பகல்ல எனக்கு மூச்சு விடவே நேரமில்லக்கா. பாரத்த நிரப்பி வாங்கி வெச்சிருவேன். கடைய சாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா போட்டு எடுப்பேன். மறுநாள் வந்து வாங்கிக்கச் சொல்வேன்."

"ஒத்துக்கறாங்களா?"

"சண்டைக்கு வருவாங்க. நேரம் பாத்துத் தட்டு, நேரம் பாத்துத் தட்டுன்னு ஒரே ரோதனை. வேற கடையில அவங்களே நின்னு தட்டறாங்களாம். இங்க அந்த வேலையே கிடையாது. எனக்கு எப்ப கை ஓயுதோ அதான் நல்ல நேரம்னு சொல்லிருவேன்."

பெரியநாயகி தன் சின்ன நோட்டில் எதையோ எழுதினாள். தங்கராஜுவுக்குத் தன் நான்காவது முடிவும் கையைவிட்டுப் போவது தெரிந்தது. ஆனாலும் வந்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து ஹஃப்சாவின் மேசைமேல் வைத்தான்.

"நாங்களும் உங்க கம்பெனியிலதான் பாத்தோம். எனக்கும் கஸ்தூரிக்கும். குருபோங் கவுண்டரு. பத்துக்கு ஒம்போது. ஞாயித்துக்கிழமை நிச்சயம்."

ஹஃப்சா அந்தத் தாளை, ஒன்பது என்ற ஓர் எண்ணைப் படிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"லாமினேட் பண்ணிட்டீங்களா" என்றாள்.

"பின்ன? ஒம்போது அடிக்கடி வருமா?"

"வராது" என்றாள் ஹஃப்சா. "கஸ்தூரிய கேட்டதா சொல்லுங்க." பிறகு காப்பி எடுக்க ஆள் யாரும் இல்லாதபோதே மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

பெரியநாயகியின் கன்சில் கார் புக்கிட் பெருவாங்கை நோக்கிப் போனது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் இருபக்கமும் ஓடியது. தங்கராஜுவின் மடியில், எந்தக் கவுண்டரில் எத்தனை மணிக்கு யார் தட்டினார்கள் என்று பெரிய கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்திருந்த பட்டியல். நாள், மணி, கவுண்டர், பதிவு எண். பெயர் கிடையாது, மார்க் கிடையாது.

"ராத்திரி பூரா பாத்துட்டேங்க்கா. ஒண்ணும் புடிபடல. கண்ட நேரத்துல வர்றாங்க."

"எப்ப வர்றாங்கன்னு பாத்தா புடிபடாது. எப்ப ஒருத்தரும் வரலன்னு பாரு."

அவன் விரலால் தடவிப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை… பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஈ காக்கா இல்ல."

"செவ்வாய்?"

"மூணுலேருந்து நாலரை."

"இன்னிக்குப் புதன். போன புதன் பாரு."

"பன்னெண்டு டு ஒன்றரை." சொல்லிவிட்டுத் தங்கராஜு நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த மூன்று வேளைகளையும் தெரியாத தமிழன் மலாக்காவில் இருக்க முடியாது. வீட்டு நாட்காட்டியில் தேதிக்குக் கீழேயே அச்சடித்திருக்கும். "அடி ஆத்தாடி. ராகு காலம்!"

"நாலாவது நாள்ல ஒரு முடிவு சரியா வந்திருக்கு" என்றாள் பெரியநாயகி. "ராகு காலம் முடிஞ்ச உடனே?"

"பன்னெண்டு ஒண்ணுக்கு மூணு பேரு. செவ்வாய் நாலு முப்பத்தொண்ணுக்கு நாலு பேரு. அக்கா, எல்லாரும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னு, முடிஞ்ச உடனே ஒண்ணா தட்டறாங்க! ஹஃப்சா மட்டும்தான் அதுல சேரல."

"ம்."

"ஆனா ஒண்ணா தட்டுனா என்னா? தட்டிட்டுப் போறாங்க. மெஷினுக்கென்ன நல்ல நேரம், கெட்ட நேரம்?"

"நீ எப்ப தட்டுன?"

"வெள்ளிக்கிழமைதான். கஸ்தூரி அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு விடல. என் வாட்சையும் பாத்து, கடை ரேடியோவுல மணி சொன்னதையும் கேட்டு, ஒரு நிமிஷம் தள்ளித்தான் தட்ட விட்டாங்க. அதான் ஒம்போது."

பெரியநாயகி முன்னால் போன செம்பனைக் காய் லோரியை முந்துவதில் கவனமாக இருந்தாள்.

*

'மங்கல வாசல்' ஒரு கிளினிக்குக்கு மாடியில் இருந்தது. முதலாளி பரமேஸ்வரன் முன்பு இன்சூரன்ஸ் விற்றவர். நல்லது நடக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவது சுலபம் என்று கண்டுகொண்டு தொழில் மாறியவர். தம்புசாமி மடியில் பழுப்பு உறையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தாரணியைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். கண் வீங்கியிருந்தது.

"எம்பொண்ணு அஞ்சு நாளா ஒழுங்கா சோறு திங்கலம்மா" என்றார் தம்புசாமி. "மூணு மணிக்குப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன். அதுக்கு மேல பொறுக்க மாட்டேன்."

"பொறுக்க வேணாம்ண்ணே. இன்னும் நேரம் இருக்கு." பெரியநாயகி தாரணி பக்கம் திரும்பினாள். "புவனேந்திரன் வீட்டுக்காரங்க உன்னைப் பாக்க வந்தாங்களா?"

"வந்தாங்க ஆன்ட்டி. கேசரி சாப்பிட்டாங்க. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. போயிட்டாங்க. சத்தியமா எனக்கு அந்தாளு மூஞ்சிகூட ஞாபகமில்ல. கேசரி தட்டுதான் ஞாபகமிருக்கு, அதுவும் எங்கம்மா சொல்லிச் சொல்லி."

தங்கராஜு சிரிப்பை அடக்கினான். பொறாமைக்காரி இப்படிப் பேசமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அது போலீஸ் ரிப்போர்ட்டை நிறுத்தாது.

"பவானேஸ்வரி ஜோடிய இப்ப போட்டுப் பாத்தா என்னா வருது?"

"ஒம்போது" என்றார் பரமேஸ்வரன். "பத்துத் தடவ பாத்துட்டேன் மேடம். அதான சொல்றேன். மெஷின் சரியா இருக்கு. ஆளுதான் சாலா, தப்பு ஆளு மேலதான்."

"நீங்க தனியா பாத்தீங்க. மூணு பேரா சேந்து பாப்போம்."

ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தன. பெரியநாயகி ஒன்றில் பரமேஸ்வரனையும், ஒன்றில் தம்புசாமியையும், ஒன்றில் தங்கராஜுவையும் உட்கார வைத்து, மூன்று வேறு வேறு ஜோடிகளைக் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி ஒரே நேரத்தில் தட்டச் சொன்னாள். மூன்று பக்கம் வந்தது. மூன்றும் சரி. மறுபடி தட்டினார்கள். மறுபடியும் சரி.

பரமேஸ்வரன் டையைத் தளர்த்தினார். "நான் சொன்னேன்ல?"

பெரியநாயகி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் திட்டு வாங்கிப் பழகிய முகம். "தாரணி, வெள்ளிக்கிழமை ஓடுன அதே புரோகிராம் பக்கமா இது?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல ஆன்ட்டி. சனிக்கிழமை சார் ரொம்ப கத்துனாரு. எங்க தப்புன்னு தெரியல. பயத்துல முதல்லேருந்து புதுசா எழுதி, பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன். பழைய பக்கம் இப்ப மெஷின்ல இல்ல."

"பாத்தீங்களா! சாட்சிய அழிச்சிட்டா!" என்று பரமேஸ்வரன் எழுந்தே விட்டார். தம்புசாமி உறையைக் கையில் எடுத்தார். தங்கராஜுவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களை அவனுக்கு எப்போதும் பிடிக்கும். அவனால் முடியாத காரியம் அது.

"தாளுல எடுத்து வெச்சிருக்கியா?"

"இருக்கு."

தாரணி பையிலிருந்து பழைய பக்கத்தின் அச்சையும் புதியதன் அச்சையும் எடுத்துக் கொடுத்தாள். பெரியநாயகிக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. புரியவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்தக் குட்டி வரி. பழசுல உச்சியில, தனியா நிக்குது. புதுசுல உள்ள நுழைஞ்சிருச்சு. இது என்னா வரி?"

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. வர்ற மார்க்க எங்க எழுதி வைக்கறதுன்னு ஒரு இடம் ஒதுக்கறது. உள்ள சொன்னா பட்டன் தட்டற ஒவ்வொருத்தருக்கும் புதுசா ஓர் இடம் கிடைக்கும். மேல, வெளிய சொன்னா எல்லாருக்கும் சேத்து ஒரே…"

தாரணி அத்தோடு நிறுத்தினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒரே இடம்" என்று பெரியநாயகி முடித்தாள். "மார்க்க எழுதுன உடனே அச்சடிச்சிருமா?"

"இல்ல. நடுவுல வாழ்த்துச் செய்யுள் தேடி எடுக்கணும். நட்சத்திரத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு. அதுக்கு மூணு செகண்டு ஆகும். சார்தான் வேணும்னாரு."

பரமேஸ்வரன் சட்டென்று தன் பேனாவை ஆராயத் தொடங்கினார்.

"எங்க எக்ஸ்சேஞ்சுல முதல்ல ஒரே ஒரு சிலேட்டு இருந்துச்சு" என்றாள் பெரியநாயகி. "யாரு எந்த நம்பர் கேட்டாலும் அதுல எழுதிட்டு, கம்பிய எடுத்து சொருகப் போவோம். சொருகறதுக்குள்ள பக்கத்து ஆபரேட்டர் அத அழிச்சிட்டு அவ நம்பர எழுதிருவா. ஒருக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கேட்ட ஆள இறைச்சிக் கடையோட சேத்து விட்டுட்டேன். ஒரு ஆபரேட்டர் மட்டும் இருக்கற நேரத்துல ஒரு தப்பும் வராது. மூணு பேரு இருந்தாதான் வரும். அப்பறம் ஆளுக்கொரு சிலேட்டு குடுத்தாங்க."

"நான் தனியாவே டெஸ்ட் பண்ணேன் ஆன்ட்டி" என்றாள் தாரணி மெல்ல. "எல்லாம் சரியா வந்துச்சு. இத்தன பேரு ஒரே நேரத்துல தட்டுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. தப்பு என்மேலதான். ஆனா வேணும்னு செய்யல."

பெரியநாயகி பட்டியலை விரித்தாள். "வெள்ளிக்கிழமை, பன்னெண்டு ஒண்ணு. முதல் ஆளு குருபோங் கவுண்டரு, பதிவு எண் முந்நூத்திப் பதினெட்டு. ரெண்டு செகண்டு கழிச்சு டவுன் கவுண்டரு, பவானேஸ்வரி. அதுக்கும் ரெண்டு செகண்டு கழிச்சு அலோர் காஜா. முதல் ஆளு மார்க்க எழுதிட்டு செய்யுள் தேடப் போயிருக்கு. அதுக்குள்ள பவானேஸ்வரியோட ஒம்போது அதே இடத்துல விழுந்திருக்கு. முதல் ஆளுக்கு அந்த ஒம்போதே அச்சாயிருச்சு. பவானேஸ்வரி அச்சாகறதுக்குள்ள அலோர் காஜாவோட மார்க்கு விழுந்திருச்சு. கடைசி ஆளுக்கு மட்டும்தான் சொந்த மார்க்கு."

அலோர் காஜா கடைக்கு போன் போட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துக் கடைக்காரர் நட்சத்திரங்களையும் மார்க்கையும் சொன்னார். இரண்டு. அதே நட்சத்திரங்களைத் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு.

தம்புசாமி எல்லாவற்றையும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பரமேஸ்வரன் இன்சூரன்ஸில் வேலை பார்த்தவர். எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இந்தப் பழைய பக்கத்த இவ நேத்து ராத்திரிகூட வீட்டுல அச்சடிச்சிருக்கலாமே? அலோர் காஜாக்காரனுக்கு ரெண்டு வந்தது சரியான மார்க்குதான். அதுல தப்பு எங்க இருக்கு? தப்பு பவானேஸ்வரிக்கு மட்டும்தான். அதான நான் முதல்லேருந்து சொல்றேன்?"

"நியாயம்" என்றாள் பெரியநாயகி. "அப்ப முதல் ஆளு பேப்பர் வேணும். தாரணிக்கு முன்னபின்ன தெரியாத ஆளு. வெள்ளிக்கிழமை அச்சடிச்ச பேப்பர். அதுல ஒம்போது இருந்து, அவங்க சொந்த மார்க்கு வேறயா இருந்தா, தப்பு பவானேஸ்வரிக்கு மட்டும் இல்ல. மெஷின்தான் மாத்திக் குடுத்திருக்கு. சொந்த மார்க்கும் ஒம்போதாவே இருந்தா, என்கிட்ட வேற சாட்சி இல்ல."

குருபோங் கடைக்கு போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சுவரில் மணி ஒன்றே முக்கால்.

"ஒம்போது வந்தவன் எவன் புகார் குடுக்க வருவான்?" என்றார் பரமேஸ்வரன். "அத கண்ணாடி போட்டு மாட்டியிருப்பான்."

தங்கராஜுவுக்கு அந்தப் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்டது. முந்நூற்றுப் பதினெட்டு. அவன் அந்தத் தாளை ஐந்து நாளில் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பான்! ஒன்பதுக்கு நேர் மேலே, வலது மூலையில் அந்த எண் இருந்தது. அதற்குக் கீழே நேரமும் இருந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பெரியநாயகி அவன் பக்கம் திரும்பவே இல்லை. யாருக்கும் தெரியாது. மூன்று மணிவரை சும்மா இருந்தால் போதும். கஸ்தூரியின் அம்மா, மார்க்கு ஐந்துக்குக் கீழே வந்தால் மாப்பிள்ளை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொன்ன மனுஷி. அந்த ஒன்பதைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமில்லாத அவனுக்குக் காப்பி கொடுத்தாள். அது யாரோ ஒருத்தியின் ஒன்பதாக இருந்தால்? அவனுடையது எங்கே? அது யார் பேப்பரிலும் இல்லை. மூன்று வினாடியில் அழிந்து போயிருக்கிறது.

கதவோரத்தில் தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்குக்கூடச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். தங்கராஜுவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"கண்ணாடி போடலைங்க" என்றான். "லாமினேட்தான்."

தாளை மேசைமேல் வைத்தான். பரமேஸ்வரன் எடுத்துப் பதிவு எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டார். நேரத்தை ஒப்பிட்டார். பிளாஸ்டிக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என் நட்சத்திரம் அதுலயே இருக்கு. அவளோடதும் இருக்கு. நீங்களே தட்டுங்க சார். எனக்குக் கை வரல."

பரமேஸ்வரன் தட்டினார். செய்யுள் தேட மூன்று வினாடி. தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தங்கராஜு தன் ஜாதகம் நாசமாக இருக்க வேண்டும் என்று விரும்பினான். இருக்கக் கூடாது என்றும் விரும்பினான். இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பியதால் எது முதலில் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பக்கம் வந்தது. செய்யுள் நன்றாக இருந்தது. அதற்குக் கீழே: மூன்று.

"மூணா?" என்றார் தம்புசாமி.

"மூணு" என்றார் பரமேஸ்வரன். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

தம்புசாமி எழுந்து தாரணியிடம் போனார். பழுப்பு உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். "தப்பா நெனைச்சிட்டேன்மா. நீ வாய்விட்டு ஒரு வார்த்த என்னைத் திட்டிரு. எனக்கு மனசு ஆறும்." தாரணி திட்டவில்லை. பவானேஸ்வரிக்குச் சரியான பேப்பர் ஒன்று எடுத்து, நேரத்தோடு முத்திரை குத்திக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே கூட வந்து விளக்குவதாகச் சொன்னாள்.

"அங்க கேசரி குடுத்தா சாப்பிடாத" என்றான் தங்கராஜு. அவ்வளவுதான் முடிந்தது அவனால்.

*

படியிறங்கும்போது கேட்டான். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கார்லயே."

"கேட்டிருக்கலாமேக்கா."

"உன் பேப்பரு. நீயாதான் குடுக்கணும்." பெரியநாயகி காரைத் திறந்தாள். "ஏறு. குருபோங் போறோம். கஸ்தூரிக்கு மூணு மணிக்கு ஷிப்டு முடியும்ல?"

வழியெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. பெரியநாயகி இரண்டு முறை திரும்பி, அவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

கஸ்தூரி வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. நீல மேல்சட்டையோடு பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கஸ்தூரி அவனைப் பார்த்ததும் தோழிகளிடம் பையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"வேலை நாள்ல என்னா இங்க? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அந்தப் பேப்பரு என்கிட்ட இல்ல. ஒரு பொண்ணுக்காகக் குடுத்துட்டேன்." அதைச் சொன்ன விதம் சரியில்லை என்று தெரிந்து மறுபடி ஆரம்பித்தான். "கஸ்தூரி, நமக்கு ஒம்போது இல்ல. அது வேற ஆளோட ஒம்போது. நமக்கு மூணுதான்."

"தெரியும்" என்றாள் கஸ்தூரி.

தங்கராஜு காலியான சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"பெரியப்பா அந்தப் பேப்பருல ஒரு காப்பி கேட்டாருன்னு திங்கக்கிழமை ஹஃப்சா கடைக்குப் போனேன். புதுசாவே போட்டுத் தர்றேன்னா. மூணு வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் செவ்வாக்கிழமை வந்தேன். நீ அத லாமினேட் பண்ணிக் கொண்டாந்து காட்டற. எப்படி லா சொல்றது?"

"உங்கம்மா விடமாட்டாங்களே."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அழுவாங்க. அழட்டும். ஞாயித்துக்கிழமைக்கு ரவை வாங்கியாச்சு, முந்திரி வாங்கியாச்சு. நாளைக்கு எனக்கு ஆஃப். ஒன்றரை மணிக்கு உக்கார வெச்சு சொல்லப் போறேன்."

அவன் மனசுக்குள் நாட்காட்டியைப் புரட்டினான். "வியாழக்கிழமை ஒன்றரையா? அது ராகு காலமாச்சே!"

"அதான்" என்றாள் கஸ்தூரி. "அப்பதான் வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் ஒருத்தி மட்டும் பேசலாம்."